செக்கலும் விடியக்கருக்கலும்: காட்டு முயல் பாக்கப் போறவைக்கு

காட்டு முயலைத் தேடிக்கொண்டு திரிஞ்சால் காணேலாது. முயல் வாற இடத்துக்கு அதுக்கு முந்திப் போய் குந்தி இருக்கோணும். இதை எனக்குச் சொல்லித் தந்தது எங்கட அப்பு, அவர் அந்தக் காலத்தில வலை கட்டி முயல் பிடிச்ச ஆள், யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்குப் பக்கத்து மணல் வெளியில கண்ணைக் கட்டி விட்டாலும் வழி பிடிச்சு வீட்டை வந்திடுவார். நான் பிடிக்கிறதும் இல்லை சுடுறதும் இல்லை, கமராவோட போறன், கனநாள் அதுவும் இல்லாமல் சும்மா பாத்திட்டு வாறன். ஆனால் வேட்டைக்காரருக்குத் தெரிஞ்ச அதே நேரக் கணக்குத்தான் பாக்கப் போறவனுக்கும் வேணும், அந்தக் கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஒவ்வொருத்தரா போய்க்கொண்டு இருக்கினம், அதுதான் எழுதி வைப்பம் எண்டு இருந்தன்.

முதல் ஒரு விசயம் விளங்கிக்கொள்ளோணும். கூட்டுக்குள்ள வளக்கிற வெள்ளை முயலும் எங்கட காட்டு முயலும் ஒண்டில்லை. கூட்டு முயல் ஐரோப்பாவில இருந்து வந்த இனம், மண்ணுக்குள்ள வளை தோண்டி கூட்டமா இருக்கிற சாதி, அதின்ர குட்டி பிறக்கேக்க மயிரும் இருக்காது கண்ணும் திறக்காது. எங்கட காட்டு முயல் வேற, பிடரியில கறுப்புத் திட்டு இருக்கும், லெப்பஸ் நைக்ரிகொல்லிஸ் எண்டு விஞ்ஞானப் பெயர், அது வளை தோண்டவே தோண்டாது. நிலத்தில உடம்பு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம், ஒரு வடலியின்ர, அதாவது இளம் பனையின்ர அடி, அல்லது ஒரு புல்லுப் பத்தையின்ர நிழல், அவ்வளவுதான் அதின்ர வீடு. ஒளிக்கப் பொந்து இல்லாத பிராணிக்கு பகலில ஒரே ஒரு வழிதான் இருக்கு, அசையாமல் கிடக்கிறது. நீங்கள் பத்தடி துலையால நடந்து போனாலும் காதை முதுகோட ஒட்டிக்கொண்டு கிடக்கும், மிதிக்கப் போறீங்கள் எண்டு தெரிஞ்சால்தான் பாஞ்சு ஓடும். அதால பகலில முயல் இல்லை எண்டு நினைக்கக் கூடாது, இருக்கு, எங்களுக்குத் தெரியேல்லை. அது எழும்பி நடமாடுறது வெளிச்சம் அரைவாசி ஆகேக்கதான், பருந்துக்குக் கண் சரியாப் பிடிபடாத நேரம், நாய் நரியின்ர நடமாட்டம் முழுசாத் தொடங்காத நேரம், அந்த இடைவெளியில. பிறகு இரவு முழுக்க மேயும், விடியிறதோட திரும்பிப் போய்ப் படுக்கும்.

ஆகவே ஒரு நாளைக்கு ரெண்டு நேரம். பின்னேரம் செக்கல், விடியப்புறம் கருக்கல். சிலர் விடியத்தான் நல்லது எண்டு நிப்பினம், சிலர் பின்னேரம்தான் எண்டு நிப்பினம், தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் கதைதான். என்ர அனுபவத்தில ரெண்டும் நல்லது, ஆனால் எந்த மாசம் எது எண்டதைக் காத்துத்தான் முடிவு பண்ணும், அதைப் பேந்து சொல்லுறன், இதில முக்கியமான இடமே அதுதான்.

செக்கலைப் பற்றி முதல் சொல்லுறன். எங்கட பக்கம் பொழுது பட்டால் கெதியா இருட்டும், குளிர்நாடுகளில மாதிரி ஒரு மணித்தியாலம் ஒண்டரை மணித்தியாலம் வெளிச்சம் தங்கி நிக்காது, பொழுது பட்டு இருபது இருபத்தஞ்சு நிமிசத்தில முகம் தெரியாது. அதால உங்களுக்குக் கிடைக்கிறது சின்ன நேரம்தான், பொழுது படுறதுக்கு ஒரு 15 நிமிசம் முந்தித் தொடங்கி பட்ட பிறகு ஒரு 20 நிமிசம் வரைக்கும். இதுக்கு மணிக்கூட்டை நம்பாதேங்கோ, ஆடி பிறக்கேக்க யாழ்ப்பாணத்தில 6.35 அளவிலதான் பொழுது படும், கார்த்திகை பிறக்கேக்க 5.45 க்கே பட்டிடும், கிட்டத்தட்ட ஒரு மணித்தியால வித்தியாசம். போன கிழமை 6 மணிக்குக் கண்டனான் எண்டு ரெண்டு மாசம் கழிச்சு அதே 6 மணிக்குப் போனால் ஒண்டும் கிடைக்காது. பொழுது படுற நேரத்தைப் பாத்து, அதுக்கு முக்கால் மணித்தியாலம் முந்தி இடத்தில இருக்கோணும். முக்கால் மணித்தியாலம் ஏனெண்டால், நீங்கள் நடந்து போய் இருக்கேக்க அங்கினை இருக்கிற எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும், ஆக்காட்டிக் குருவி ஒண்டு நிண்டால் கத்தி ஊரைக் கூட்டிப்போடும், அந்தக் குழப்பம் அடங்கிறதுக்கு அரை மணித்தியாலம் வேணும். ஆக்காட்டி திரும்பி வந்து நிலத்தில நடக்கத் தொடங்கினால் எல்லாம் பழையபடி வந்திட்டுது எண்டு அர்த்தம்.

விடியப்புறம் இதுக்கு நேர்மாறு. வெளிச்சம் கூடிக்கொண்டு வாறதால படம் எடுக்கிறவைக்கு விடியதான் வசதி, ஆனால் போய் இருக்கிறது கஷ்டம், இருட்டுக்குள்ள போகோணும். தை கடைசி மாசி தொடக்கத்தில சூரியன் 6.30 தாண்டித்தான் எழும்பும், ஆனி கடைசியில 6 மணிக்கு முந்தியே எழும்பிடும், நீங்கள் சூரியன் எழும்ப ஒரு மணித்தியாலம் முந்தி இடத்தில இருக்கோணும். விடியேக்க முயல் மேய்ச்சல் முடிஞ்சு படுக்கைக்குத் திரும்பிற நேரம், பின்னேரம் மாதிரி பயந்து பயந்து எட்டிப் பாக்காது, வயிறு நிறைஞ்ச ஆறுதலோட வரும், இடைக்கிடை நிண்டு முகம் கழுவும், முன்னங்கால் ரெண்டாலயும் காதைப் பிடிச்சு இழுத்து நக்கும். அந்தக் காட்சியை நான் முதன்முதல் கண்ட விடியல் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது, பனி படிஞ்ச அறுகம்புல்லு, ஒரு பதினைஞ்சு யார் துலை, மூச்சு விடவும் பயமாக் கிடந்தது.

இனிக் காத்து. இதை நான் பட்டுத்தான் படிச்சனான். ஒரு வருசம் ஆவணி மாசம், முயல் வாறது நிச்சயம் எண்டு தெரிஞ்ச ஒரு இடம், புழுக்கை இருக்கு அடி இருக்கு எல்லாம் இருக்கு, தொடந்து நாலு பின்னேரம் போய் இருந்தன், ஒண்டுகூட வரேல்லை. அஞ்சாம் நாள் அப்புவைக் கூட்டிக்கொண்டு போனன், அவர் நான் இருந்த இடத்தில நிண்டு ஒரு பிடி மணலை எடுத்து மெல்லமா விட்டார், மணல் அப்பிடியே முயல் படுக்கிற பத்தைப் பக்கம் பறந்தது. வேற ஒண்டும் சொல்லேல்லை அவர், எனக்கு விளங்கிட்டுது, நாலு நாளும் என்ர மணத்தை நானே அதின்ர மூக்குக்கு அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறன்.

காத்து முயலிட்ட இருந்து உங்களிட்ட வரோணும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், ஆனால் இதோட சூரியனையும் சேத்துப் பாக்கோணும், அதைத்தான் கனபேர் விட்டிடுவினம். வெளிச்சம் உங்கட முதுகுக்குப் பின்னால இருந்தால்தான் உங்களுக்கு முயல் தெரியும், முகத்துக்கு நேர சூரியன் இருந்தால் கண் கூசி ஒண்டும் தெரியாது. இப்ப கணக்கைப் பாருங்கோ. கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் எங்களுக்கு வாடைக்காத்து, வடகிழக்கால வரும், அப்ப நீங்கள் தென்மேற்குப் பக்கம் இருந்துகொண்டு வடகிழக்கைப் பாக்கோணும். பின்னேரம் சூரியன் மேற்கில, அதாவது உங்கட முதுகுப் பக்கம். எல்லாம் சரி. வைகாசி கடைசியில இருந்து புரட்டாதி வரைக்கும் சோளகம், தென்மேற்கால வரும், அப்ப நீங்கள் வடகிழக்கில இருந்து தென்மேற்கைப் பாக்கோணும், பின்னேரம் அப்பிடி இருந்தால் சூரியன் முகத்துக்கு நேர. ஆனால் விடிய இருந்தால் சூரியன் கிழக்கால, முதுகுக்குப் பின்னால எழும்பும். ஆகவே வாடைக்குப் பின்னேரம் போங்கோ, சோளகத்துக்கு விடியப்புறம் போங்கோ. இந்த ஒண்டை மட்டும் மனசில வைச்சிருந்தாலே அரைவாசி வேலை முடிஞ்சுது.

சோளகத்துக்கு விடியப்புறம் நல்லதெண்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சோளகம் பகலில உரப்பா அடிச்சு பின்னேரமும் அடங்காது, வடலி ஓலை எல்லாம் சடசடவெண்டு அடிச்சுக்கொண்டு நிக்கும், அந்தச் சத்தத்துக்குள்ள முயலுக்குக் காது கேக்காது, காது கேக்காத முயல் வெளிக்கு வராது, பத்தை ஓரத்திலயே நிண்டு நாலு புல்லைக் கடிச்சிட்டுத் திரும்பிடும். விடியப்புறம் காத்துக் கொஞ்சம் தணியும், அப்ப வெளிக்கு வரும். கடக்கரைக்குக் கிட்ட இருக்கிறவை இன்னும் கவனிக்கோணும், பின்னேரம் கடல்ல இருந்து தரைக்கு அடிக்கிற காத்து விடியப்புறம் தரையில இருந்து கடலுக்குத் திரும்பி அடிக்கும், வாடையும் சோளகமும் பெலமில்லாத பங்குனி சித்திரையில இது நல்லாத் தெரியும், ஆகவே பின்னேரம் இருந்த இடத்திலயே விடியவும் இருக்கலாம் எண்டு நினையாதேங்கோ. காத்தைப் பாக்க மணலும் போதும், எருக்கலைப் பஞ்சு இருந்தால் இன்னும் நல்லது, மணலுக்குத் தெரியாத மெல்லிய காத்தையும் அது காட்டும். நான் ஒரு தீப்பெட்டிக்குள்ள கொஞ்சம் போட்டு வைச்சிருக்கிறன், காத்து மாறுதோ எண்டு பாக்க இருந்த இடத்தில ஒவ்வொண்டா விடுவன்.

நிலவைப் பற்றியும் கேப்பீங்கள். நல்ல நிலவு எறிக்கிற இரவுகளில முயல் வெட்டவெளிக்கு வரப் பஞ்சிப்படும், பகல் மாதிரித் தெரியிற வெளிச்சத்தில அதுக்குத்தானே ஆபத்து, ஓரத்து நிழலோடயே மேயும், அதை நானும் கனதரம் கண்டிருக்கிறன். ஆகவே போயாவுக்கு, அதாவது பறுவத்துக்கு, லீவு எண்டு அண்டைக்குப் பின்னேரமே போறதை விட, போயா கழிஞ்சு நாலு அஞ்சு நாளில விடியப்புறம் போங்கோ. நிலவு ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிசம் பிந்தித்தான் எழும்பும், அதால அந்த நாளுகளில விடிய 5 மணிக்கு நிலவு உச்சியைத் தாண்டி மேற்குப் பக்கம் நல்ல உயரத்தில நிக்கும், ரோச் லைற் அடிக்காமலே நடந்து போய் இடத்தில இருக்கலாம். அமாவாசைக்குக் கிட்ட பின்னேரம் நல்லது, முழு இருட்டு வரப் போகுதெண்டால் கொஞ்சம் வெளிச்சம் இருக்கேக்கயே வெளிக்கிட்டு வரும்.

இடம் பிடிக்கிறது பகல் வேலை. பத்து பதினொரு மணி போல போய்ப் பாருங்கோ, அந்த நேரம் அது படுத்துக் கிடக்கும், பத்தைகளுக்குள்ள பூந்து கிளப்பாமல் ஓரத்தால நடந்தால் போதும். மூண்டு விசயம் ஒண்டாச் சேர இடம் வேணும், படுக்க பத்தை அல்லது வடலிக் கூடல், மேய குட்டைப் புல்லு, ரெண்டுக்கும் நடுவில மறைவில்லாத ஒரு துண்டு வெளி. வடமராட்சி கிழக்கில மணல்காடு பக்கம் சவுக்கந்தோப்பும் மணல் மேடும் சந்திக்கிற ஓரங்கள், வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு அங்கால குடத்தனை அம்பன் பக்கத்து வெளிகள், தென்மராட்சியில வயலும் பனங்கூடலும் முட்டுற இடங்கள், வலிகாமத்தில ஆள் நடமாட்டம் குறைஞ்ச தரவைப் புல்வெளி ஓரங்கள், இப்பிடி இடங்களைப் பாருங்கோ. வலிகாமம் வடக்கில கனகாலம் ஆக்கள் போகாமல் கிடந்த காணிகள் பத்தையா வளந்து முயலுக்கு நல்ல இடமாக் கிடந்தது, சனம் தங்கட காணிக்குத் திரும்பினது எவ்வளவு சந்தோசம், ஆனால் பெக்கோ மெசின் வந்து ஒரே நாளில எல்லாத்தையும் வழிச்சு எடுக்கேக்க எல்லையில ஒரு வரிசை வடலியாவது விடுங்கோ எண்டு நான் கண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னனான், கொஞ்சப் பேர் விட்டவை, அந்த வடலிக்குக் கீழ இண்டைக்கும் முயல் படுக்குது.

மணல் நிலத்தில அடி பாக்கிறது லேசு. நாலு குறி ஒண்டாக் கிடக்கும், பெரிசு ரெண்டு பக்கத்தில பக்கத்தில, சின்னன் ரெண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. பெரிசு பின்னங்காலின்ரது, ஆனால் அதுதான் முன்னுக்குக் கிடக்கும், ஏனெண்டால் பாயேக்க முன்னங்கால் ஊண்டின பிறகு பின்னங்கால் அதைத் தாண்டிப் போய் விழும். ஆகவே பெரிய குறி இருக்கிற பக்கம்தான் முயல் போன பக்கம், கனபேர் இதை மாறி விளங்கி எதிர்ப்பக்கம் போவினம். பனி பெய்ஞ்ச மணல் மேல மெல்லிசா இறுகி இருக்கும், அந்தப் பொருக்கை உடைச்சுக் கொண்டு அடி கிடந்தால் அது விடியப்புறத்து அடி. புழுக்கை உருண்டையா கொஞ்சம் தட்டையா காஞ்ச வைக்கல் நிறத்தில கிடக்கும், உடைச்சால் புல்லு நார்தான் இருக்கும், ஆட்டுப் புழுக்கை நீட்டா கறுப்பா மினுங்கும், மாறுபடாது. முயல் பகல் படுக்கையில கிடக்கேக்க தன்ர மெத்தென்ட புழுக்கையைத் தானே திரும்பவும் சாப்பிடும், ரெண்டாந்தரம் சமிக்கிறதுக்கு, நீங்கள் வெளியில காணுறது அந்த ரெண்டாந்தரமும் முடிஞ்ச காஞ்சது.

ஆனால் அடியைப் பிடிச்சுக்கொண்டு படுக்கையைத் தேடிப் போகாதேங்கோ. முயல் படுக்கப் போக முந்தி வந்த வழியாலயே கொஞ்சத் தூரம் திரும்பி நடந்து, பிறகு பக்கவாட்டா ஒரு பெரிய பாய்ச்சல் பாஞ்சு வேற பக்கம் போய்ப் படுக்கும், மணந்து வாற நரிக்கும் நாய்க்கும் வழி அறுந்து போகட்டும் எண்டு. மனிசருக்கும் அங்கதான் அறும். அடி எங்க கூடக் கிடக்குதோ, எந்த இடத்தில பத்தையை விட்டு வெளிக்கு வந்திருக்குதோ, அந்த வாசலை மட்டும் குறிச்சுக்கொண்டு வந்தால் காணும்.

இதில ஒரு விசயம், வலு கவனமாக் கேளுங்கோ. முகமாலை, நாகர்கோவில், கிளாலி, எழுதுமட்டுவாள் பக்கங்கள் யுத்த காலத்தில முன்னரங்கு இருந்த இடங்கள். கனகாலமா மிதிவெடி எடுத்துக்கொண்டு வந்திருக்கினம், எண்டாலும் அந்தப் பக்கம் எந்த முயலுக்காகவும் சனம் பாவிக்கிற பாதையை விட்டு இறங்காதேங்கோ. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்புத் தடி, நாடா கண்டால் அப்பிடியே திரும்புங்கோ, தெரியாத ஏதும் உலோகம் கண்டால் தொடாமல் பொலிஸுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கோ. புது இடமெண்டால் அங்க மாடு மேய்க்கிற ஆளிட்ட ஒருக்காக் கேட்டிட்டுப் போங்கோ, மாட்டுக்காரருக்கு நிலமும் தெரியும் முயலும் தெரியும். சுண்டிக்குளம் 1938 இல சரணாலயமா ஆக்கின இடம், 2015 இல தேசியப் பூங்கா ஆக்கிப்போட்டினம், அங்க உள்ளுக்குப் போக வனசீவராசிகள் திணைக்களத்திட்டக் கேக்கோணும்.

மாசக் கணக்கெண்டு பாத்தால் எனக்குப் பிடிச்சது தையும் மாசியும். மாரி முடிஞ்சு புல்லு இளசா நிக்கும், வயல் அருவி வெட்டி ஒட்டுத்தாள் மட்டும் மிஞ்சிக் கிடக்கும், முயல் நிண்டால் மறைய ஒண்டும் இல்லை, பனி குளிர் எண்டு விடியவும் கொஞ்சம் பிந்தித்தான் படுக்கப் போகும், வாடைக்காத்து எண்டதால பின்னேரமும் சரிவரும். பயறு உழுந்து போட்ட வயல் பக்கத்தில இருந்தால் அதின்ர குருத்தைத் தேடி வரும், தோட்டக்காரருக்கு அது கோபம்தான், அவையின்ர அனுமதியோட வரம்பில இருந்தால் உங்களுக்கும் நல்லம் அவைக்கும் நல்லம், ஆள் மணம் பட்டாலே ரெண்டு நாளைக்கு அந்தப் பக்கம் வராது. மாரியில, ஐப்பசி கார்த்திகையில, தாழ்ந்த நிலமெல்லாம் வெள்ளம் நிக்கும், முயல் மேட்டுப் பக்கம் ஒதுங்கிடும், அடை மழையில போய்ப் பிரயோசனம் இல்லை, ஆனால் ரெண்டு மூண்டு நாள் விடாமல் பெய்து வெயில் எறிச்ச முதல் பின்னேரத்தை விடாதேங்கோ, நனைஞ்ச பத்தைக்குள்ள கிடந்த முயல் உடம்பு காய வெளியில வந்து நிக்கும், 5 மணிக்கே கண்டிருக்கிறன். ஆடி ஆவணிக் கோடையில புல்லு காஞ்சு போனால் இறைக்கிற தோட்டங்களின்ர ஓரம்தான், துரவு கிணறு இருக்கிற பக்கம், ஈரம் இருக்கிற இடத்தில கொஞ்சப் பச்சை இருக்கும்.

இருக்கிற முறைக்கு வருவம். மண் நிறத்தில அல்லது கடும் பச்சையில உடுப்பு, முழுக்கைச் சேட், நீளக் காற்சட்டை, தலையில ஒரு பழைய துவாய் அல்லது தொப்பி. வெள்ளை வேண்டாம். பத்தைக்குள்ள பூந்து இருக்கிறதை விட பத்தைக்கு முன்னால, பத்தை முதுகுக்கு வாறமாதிரி நிலத்தில இருங்கோ, உங்கட தலை வானத்தில கோடு வெட்டித் தெரியக் கூடாது. முயலின்ர கண் தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, பின்னுக்கும் பாக்கும் பக்கத்துக்கும் பாக்கும், நேர முன்னுக்கு மூக்குக்குக் கிட்டத்தான் அதுக்குச் சரியாத் தெரியாது, ஆனால் அசைவு எண்டால் எந்தப் பக்கமெண்டாலும் பிடிச்சிடும். சும்மா இருக்கிற ஆள் அதுக்கு ஒரு கட்டை மாதிரி, கையைத் தூக்கி நுளம்பு அடிக்கிற ஆள்தான் ஆபத்து. நுளம்புக்கு மணக்கிற எண்ணெய் பூசாதேங்கோ, சித்தாலேப்ப தைலமும் வேண்டாம், உடுப்பால மூடுங்கோ. அண்டைக்கு மணக்கிற சோப்பும் போடாமல் கிணத்துத் தண்ணியில சும்மா முழுகிட்டுப் போனால் காணும். வடலிக் கூடலுக்குள்ளால நடக்கேக்க காவோலையில கால் வைச்சிடாதேங்கோ, ஒரு காவோலை முறியிற சத்தம் கால் மைல் கேக்கும், இருக்கப் போற இடத்தில கிடக்கிற காவோலை மட்டை எல்லாத்தையும் பகல் இடம் பாக்கப் போகேக்கயே எடுத்து ஒதுக்கி வைச்சிட்டு வாங்கோ. போனை முழுசா நிப்பாட்டுங்கோ, சைலன்ற்றில போட்டாலும் வெளிச்சம் அடிக்கும். நாய் கூட வரவே கூடாது, வீட்டு நாய் பின்னால வந்தால் திரும்பிக் கொண்டுபோய்க் கட்டிட்டு வாங்கோ, அண்டைக்குப் பிந்தினாலும் பறவாயில்லை.

முயல் வெளிக்கு வந்தால் காதைப் பாருங்கோ. காது நிமிந்து நிண்டால் அது சந்தேகத்தில நிக்குது, நீங்கள் கல்லு மாதிரி இருங்கோ, மூச்சையும் மெல்லமா. காது பின்னுக்குச் சாய்ஞ்சு தலை குனிஞ்சு மேயத் தொடங்கினால் கமராவை மெல்லமா உயத்தலாம். ஒரு காது ஒரு பக்கமும் மற்றக் காது மற்றப் பக்கமும் திரும்பினால் ஏதோ கேட்டிட்டுது. படம் எடுக்கிறவைக்கு நான் சொல்லுறது, பிளாஷ் அடிக்காதேங்கோ, செக்கலில ஐஎஸ்ஓவை 3200 வரைக்கும் ஏத்திப்போட்டு சட்டரை 250 க்குக் கீழ விடாமல் பிடியுங்கோ, கமராவை நிலத்தோட வைச்சு முயலின்ர கண் மட்டத்தில எடுத்தால்தான் படம் படமா இருக்கும். போனில எடுக்கிறவை சூம் பண்ணி உடைக்காமல் வீடியோவா எடுங்கோ. ரோச் லைற் தேவையெண்டால் கண்ணாடியில சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கோ, அந்த வெளிச்சத்துக்கு அவ்வளவு மிரளாது. வெள்ளை ரோச்சை நேர முகத்துக்கு அடிச்சால் முயல் கண் கூசி நிண்ட இடத்திலயே நிக்கும், அதை வைச்சுத்தான் ஹெட்லைற் வேட்டைக்காரர் அடிக்கிறவை, அந்த நிலைமைக்கு அதை நாங்கள் கொண்டுவரக் கூடாது.

இன்னொண்டு கட்டாயம் சொல்லோணும், தை மாசியில வயல் ஓரத்தில தனியக் குட்டி ஒண்டு கிடக்கக் கண்டால் தூக்காதேங்கோ. சின்னன், கை அளவு, உடம்பெல்லாம் மயிர், கண் முழிச்சுப் பாத்துக்கொண்டு ஆடாமல் கிடக்கும். தாய் விட்டிட்டுப் போட்டுது எண்டு பாவப்பட்டு வீட்டை கொண்டுவந்து மாட்டுப்பால் பருக்கி ரெண்டு மூண்டு நாளில சாகவிட்ட ஆக்களை நான் கண்டிருக்கிறன், நல்ல மனசோட செய்தவைதான். தாய் விட்டிட்டுப் போகேல்லை. காட்டு முயலின்ர குட்டி பிறக்கேக்கயே மயிரோட கண் திறந்துதான் பிறக்கும், தாய் பகல் முழுக்க வேற இடத்தில துலையாப் படுத்திருக்கும், பக்கத்தில இருந்தால் தாயின்ர மணத்துக்கு நரி வந்திடும் எண்டதால வேணுமெண்டே விலகி இருக்கிறது. இருட்டினாப் பிறகு வந்து பால் குடுத்திட்டுத் திரும்பவும் போயிடும். ஆகவே குட்டியைத் தொடாமல், படம் எடுக்கவும் குனியாமல், அப்பிடியே விலகுங்கோ. உழவு மெசின் வரப் போற வயலெண்டால் மட்டும், ஒரு பிடி புல்லால அணைச்சுத் தூக்கி பக்கத்து வரம்பில, காணக்கூடிய கிட்டத்தில விட்டிட்டு வாங்கோ. பத்தைக்குள்ள கம்பிச் சுருக்கு ஏதும் கண்ணில பட்டால் வனசீவராசிகள் ஆக்களுக்குச் சொல்லுங்கோ, அதில சிக்கிறது முயல் மட்டும் இல்லை, கீரி உடும்பு காட்டுப்பூனை எல்லாம்தான், அதுகள் ஒரு இரவு முழுக்கக் கிடந்து துடிக்கும்.

பாம்பு. நீங்கள் போற ரெண்டு நேரமும் அதுகளும் வெளிக்கிடுற நேரம், மணல் பக்கம் சுருட்டை விரியன், வயல் பக்கம் கண்ணாடி விரியன். சுருட்டை சின்னன், மணல் நிறம், கிட்டப் போய்த்தான் தெரியும். கணுக்கால் மூடுற சப்பாத்துப் போடுங்கோ, செருப்போட போகாதேங்கோ, இருக்கப் போற இடத்தை இருக்க முந்தி லைற் அடிச்சு ஒருக்காப் பாருங்கோ, கையை ஊண்டேக்க பாத்து ஊண்டுங்கோ. கடிச்சால் வாயால உறிஞ்சிறது கட்டுப் போடுறது எல்லாம் வேண்டாம், அசையாமல் இருந்து 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில மருந்து இருக்கு. தனியப் போறதெண்டால் எங்க இருக்கிறன் எண்டு வீட்டில இடத்தைச் சொல்லிட்டுப் போங்கோ.

கடைசியா எழும்பி வாறது. இருட்டிட்டுது, படம் எடுக்கேலாது, கால் விறைச்சுப் போச்சு, ஆனால் முயல் இன்னும் முன்னுக்கு நிண்டு மேயுது எண்டால் எழும்பாதேங்கோ. உங்களைக் கண்டு பயந்து ஓடின முயல் அந்த வாசலைக் கனநாளைக்குப் பாவிக்காது, நீங்கள் இருந்தது தெரியாமல் போன முயல் நாளைக்கும் அதே நேரம் அதே வாசலால வரும். அது தன்ர பாட்டில மேய்ஞ்சு விலகிப் போகட்டும், போனாப் பிறகும் ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்து, சிவப்பு லைற்றை நிலத்துக்கு மட்டும் பிடிச்சுக்கொண்டு, வந்த வழியாலயே திரும்பி வாங்கோ. விடியப்புறம் போன ஆக்கள் அது எந்தப் பத்தைக்குள்ள பூந்தது எண்டு பாத்து வைச்சுக்கொண்டு, அந்தப் பத்தைக்குக் கிட்டயும் போகாமல் மற்றப் பக்கத்தால சுத்தி நடந்து வெளிக்கிடுங்கோ, அது இப்பதான் படுத்திருக்குது.